போசனின் குதிகால்

அக்டோபர் 4, சனி

கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் வலது குதிகாலில் ஆணி ஏறியது போல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி வலி போய்விட்டது. சில வாரமாக இதுதான் நடக்கிறது. காலையில் குத்தும், நடந்தால் அடங்கும், சாயங்காலம்வரை தளத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளம்பும்.

மே மாதம் சுண்ணாம்புக்கல் இறக்கிவிட்டு இந்த வெளிநாட்டுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டோம். கப்பல் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கம்பெனிகளுக்குள் வழக்கு. தீர்ப்பு வரும்வரை கப்பல் நகரக் கூடாது. அதைக் கவனிக்க ஆள் குறையக் கூடாது. மாற்று ஆள் வராமல் யாரும் இறங்கக் கூடாது. மாற்று ஆளை அனுப்ப வேண்டியவர்களோ கோர்ட்டில் நிற்கிறார்கள்.

ஏஜென்டின் படகு அரிசியும் காய்கறியும் தண்ணீரும் கொண்டுவருகிறது. எங்களுக்கு ஏணிவரைதான் அனுமதி. கரை நன்றாகத் தெரிகிறது. சாலையில் போகும் பஸ்ஸின் நிறம்கூடத் தெரிகிறது.

அக்டோபர் 9, வியாழன்

முன்தளத்தில், கப்பலின் மூக்கில் நின்றால்தான் கரையின் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் ஜெனோவாவிடம் பேசினேன். ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஜனவரி முதல் வாரம் என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்குப் பிறகு முதல் பிள்ளை.

"அதுக்குள்ள வந்துருவீங்கல்லா?" என்று கேட்டாள்.

"வந்துருவேன்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க."

காலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கப்பலில் மருந்துப் பொறுப்பு இரண்டாம் அதிகாரி ஹரிகரனுக்கு. கோயம்புத்தூர்க்காரர். என் வலியை எழுதி, கப்பல்காரர்களுக்கு மெயிலில் யோசனை சொல்லும் டாக்டருக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்திருக்கிறது. குதிகாலிலிருந்து விரல்வரை உள்ளங்காலுக்குள் பட்டையாக ஒரு நார் ஓடுகிறதாம், அதில்தான் கோளாறு.

"நாள் பூரா இரும்புத் தளம், காலுக்கு பூட்ஸு. ஒரே சமம், மேடு பள்ளமே இல்லைங்க. பாதத்துல இருக்கிற சின்னச் சின்னத் தசைக்கெல்லாம் வேலையே இல்லாமப் போயி, பாரம் மொத்தமும் அந்த நாரு மேல விழுகுது," என்றார். "மணலு, புல்லு, கல்லுத் தரைன்னு மாத்தி மாத்தி நடக்கோணும்னு எழுதியிருக்காருங்க. கொஞ்சம் கொஞ்சமா. கெண்டைக்காலையும் தினம் இழுத்து விடோணும்."

"புல்லுக்கு எங்க சார் போறது?"

அவரும் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார்.

அக்டோபர் 17, வெள்ளி

நான் போசன். தளத்து வேலை முழுக்க என் பொறுப்பு, கிடங்குச் சாவியும் என்னிடம். அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன்.

சரக்கறை மூடிக்கும் கப்பலின் ஓரக் கம்பிக்கும் இடையில் நீளமாக ஒரு நடை இருக்கிறது. முதலில் பழைய வடக்கயிற்றை வளைத்து வளைத்துப் போட்டேன். அதற்கடுத்து, சரக்குக்கு அடியில் கொடுக்கும் மரச்சட்டங்கள், வேண்டுமென்றே கோணலாக. பிறகு தார்ப்பாயின் மேல் தீயணைப்புக்கு வைத்திருந்த உபரி மணல். கடைசியாகச் சரக்கறையின் அடியில் தங்கிப்போன சுண்ணாம்புக்கல் சல்லி, பக்கெட் பக்கெட்டாக.

சல்லியைத் தூக்கிவர இன்ஜின் அறை ஆயிலர் தவசி வந்தான். சாயல்குடிக்காரன், முப்பது வயது. இன்ஜின் ஓடாததால் அவனுக்கு வேலை குறைவு. காலையில் ஆரம்பித்து முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் வாய் ஓயாதவன்.

சமையல்காரர் காதர் அண்ணன் வண்டு விழுந்த பயற்றில் ஒரு மூட்டை கொடுத்தார். "சமைச்சா நம்மள ஏசுவாங்க. மிதிச்சா யாரு ஏசப் போறா?" என்றார். அதையும் ஒரு தட்டுப்பலகையில் கொட்டிவைத்தேன்.

கேப்டன் ராவ் மேலிருந்து பார்த்தார். விசாகப்பட்டினத்துக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் வரும். "என்ன போசன், பார்க் கட்டறியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் 18, சனி

ஆசைப்பட்டுச் சல்லியில் வெறுங்காலோடு ரொம்ப நேரம் நடந்துவிட்டேன். இன்று காலைக் கீழே வைக்கவே முடியவில்லை. ஹரிகரன் சார் திட்டினார். நொண்டிக்கொண்டே சாப்பிடப் போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

அக்டோபர் 28, செவ்வாய்

இப்போது அளவாக நடக்கிறேன். முதலில் மணல், அப்புறம் கயிறு, சல்லியில் கடைசியாகக் கொஞ்சம். மணலில் கால் புதையும்போது விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடிக்கின்றன. மரச்சட்டத்தின் மேல் நிற்கும்போது கணுக்கால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிச் சமாளிக்கிறது. பாதத்தில் இத்தனை இடம் வலிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது வேலை செய்த வலி, ஆணி வலி இல்லை.

தவசியையும் நடக்கக் கூப்பிட்டேன். "எங்கண்ணே போறதுக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். நானும் அந்த நடையில் எங்கேயும் போகவில்லை, போய்ப் போய்த் திரும்புகிறேன்.

நவம்பர் 3, திங்கள்

காலையில் எழுந்து கதவுவரை போன பிறகுதான் நினைப்பு வந்தது, வலிக்கவில்லை என்று.

நவம்பர் 4, செவ்வாய்

கேப்டன் அறைக்குக் கூப்பிட்டார். மாற்று ஆள் இல்லாமலே ஒருவரை இறக்கத் துறைமுகம் சம்மதித்திருக்கிறது. ஒருவர்தான். அதுவும் உடம்பு சரியில்லை என்று துறைமுக டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"உன் பேரைத்தான் எழுதறேன் போசன். உன் கால எல்லாரும் பாத்திருக்காங்க. வீட்லயும் டெலிவரி டைம்."

தாங்க்ஸ் சார் என்றேன்.

நேற்று ஒரு நாள்தானே வலிக்காமல் இருந்தது. ஒரு நாளை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நவம்பர் 5, புதன்

ஜெனோவாவிடம் சொன்னேன். போனில் அவள் அழுதது கேட்டது. அப்புறம், "கால் ரொம்ப வலிக்கா?" என்று கேட்டாள்.

நவம்பர் 11, செவ்வாய்

கப்பலின் விளக்குக் கம்பத்தின் உச்சியில் நங்கூர விளக்கு அணைந்துவிட்டது. ஏறி மாற்றினேன். உச்சியிலிருந்து பார்க்கும்போது கரைக்குப் பின்னால் ஒரு மைதானமும் அதில் பந்தாடுகிறவர்களும் தெரிந்தார்கள்.

இறங்கும்போது கீழே கேப்டன் நிற்பதைப் பார்த்தேன். கடைசி இரண்டு படிகளில் கால் கொஞ்சம் இழுத்தது.

நவம்பர் 15, சனி

தவசி தன் புதுச் சட்டையை என்னிடம் கொடுத்தான். மடிப்புக்கூடப் பிரிக்காதது. "ஊருக்குப் போறீங்கள்ல, போட்டுக்கிட்டுப் போங்க," என்றான். தன் போன் சார்ஜரைக் காதர் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டானாம். நல்ல மனசு அவனுக்கு.

"வீட்டுக்குப் பேச வேணாமா? சார்ஜர் இல்லாம என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"பேசி என்னண்ணே ஆகப்போகுது. எப்ப வருவீங்கன்னு கேப்பா. நான் என்ன சொல்ல?"

நவம்பர் 19, புதன்

அடுக்களையில் மேல்தட்டிலிருந்த ஊறுகாய் ஜாடி வேண்டும் என்றார் காதர் அண்ணன். கால் நுனியில் எழும்பி எடுத்துக் கொடுத்தேன். ஜாடியை வாங்கியவர் என் காலைப் பார்த்தார்.

"தேவலையாயிட்டு போல?"

"அப்பப்ப இருக்குண்ணே."

"இருக்கும், இருக்கும்." ஜாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "தவசி மூணு நாளா ராச்சாப்பாட்டுக்கு வரல. நீங்க கவனிச்சியளா?"

நான் கவனிக்கவில்லை என்றேன்.

நவம்பர் 26, புதன்

துறைமுகத்தில் விடுமுறை. டாக்டர் வருவது தள்ளிப்போகிறது.

இப்போதெல்லாம் நடைக்கு மற்றவர்கள் மதியத்தில் தூங்கும் நேரத்தில்தான் போகிறேன். வெயில் இருக்கிறது, ஆனால் தொந்தரவு இல்லை. மற்ற நேரம் மெதுவாக நடக்கிறேன். வலி திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். இன்று மெதுவாக நடந்து நடந்து இடது முழங்கால் வலிக்கிறது. இல்லாத வலிக்காக ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தால் இருக்கிற கால் கெடுகிறது.

மேலே உள்ள வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

டாக்டர் ஒன்பதாம் தேதி வருகிறார். உறுதி.

ஜெனோவா ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்துவிட்டாளாம். நான் வீட்டில் கட்டும் சாரத்தையும் துவைத்து வைத்திருக்கிறாளாம்.

டிசம்பர் 5, வெள்ளி

காதர் அண்ணன் கேப்டனிடம் போய்த் தவசியைப் பற்றிச் சொன்னார். கேப்டன் அவனைக் கூப்பிட்டுப் பேசினார். ஒன்றுமில்லை சார், தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் என்றிருக்கிறான். ஹரிகரன் சார் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை, ராத்திரியில் அவனோடு ஆள் படுக்க ஏற்பாடு செய்தார்.

காதர் அண்ணன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எனக்கும் வீடு இருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து, தங்குமிடத்துக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தேன். பூட்ஸைக் கழற்றி வலது காலைக் கயிற்றுச் சுருள் மேல் தூக்கி வைத்திருந்தேன். நாளைக்கு டாக்டர் என்னென்ன கேட்பார் என்று கேப்டன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். ஹரிகரன் சாரும் காதர் அண்ணனும் இருந்தார்கள்.

தவசி எங்களைத் தாண்டி முன்தளத்துக்குப் போனான். வீட்டுக்குப் பேசப் போகிறான் என்று நினைத்தேன். பிறகுதான் அவன் கையில் போன் இல்லை என்பது உறைத்தது. முன்தளத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். கம்பியைப் பிடித்து ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான்.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. சல்லி, மணல், மரம், கயிறு, எல்லாவற்றின் மேலும் வெறுங்காலோடு ஓடினேன். குறுக்கே போகும் குழாய்களைத் தாண்டினேன். முன்தளத்து ஏணியில் எத்தனை படி விட்டு ஏறினேனோ. அவன் இரண்டு காலும் அந்தப் பக்கம் இருந்தது. பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இருவரும் நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் விழுந்தோம்.

"விடுங்கண்ணே. காத்து வாங்கத்தாண்ணே வந்தேன்," என்றான்.

"சரி. ரெண்டு பேரும் வாங்குவோம். உக்காரு."

அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த பிறகு சொன்னான்: "பிள்ளைக்கு என் குரலே மறந்துபோச்சுண்ணே. போன்ல பேசுனா அம்மாகிட்டக் குடுத்துருது."

மற்றவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். கேப்டன் முதலில் தவசியைப் பார்த்தார். அவன் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். அதற்குப் பிறகு என் கால்களைப் பார்த்தார்.

சாயங்காலம்:

கேப்டன் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு நாளா சரியா இருக்கு?"

"ஒரு மாசமா சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் டாக்டருக்குக் காட்டப்போறேன். ஒருத்தரைத்தான் விடுவாங்க. தவசி விஷயம் நான் சொல்லுவேன், ஆனா அவன் ஒண்ணும் இல்லைன்னு சொன்னா டாக்டர் என்ன பண்ணுவார்? மனசை ஸ்கேன்ல காட்ட முடியாது. உன் காலு பழைய மெயில்ல எல்லாம் இருக்கு. வலிக்குதுன்னு நீ சொன்னா அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க. நான் ஓட்டத்தைப் பத்திப் பேச மாட்டேன். நீ அவனைப் பிடிச்சதுக்கு நான் செய்யற பதில் உதவி அது."

இவர் அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டர் பெண். வயதானவர். படகிலிருந்து கயிற்றேணியில் அவராகவே ஏறி வந்தார். ஹரிகரன் சார் மொழிபெயர்த்தார்.

முதலில் தவசி. நான் வெளியே நடையில் நின்றேன், கதவு திறந்துதான் இருந்தது. நேற்று தவசி செய்ததைக் கேப்டன் சொன்னார், என் ஓட்டத்தை மட்டும் விட்டுவிட்டார். டாக்டர் தவசியிடம் பொறுமையாகக் கேட்டார். அவன் ஒவ்வொன்றுக்கும், "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன். போசன் அண்ணனுக்குத்தான் கால் முடியல, அவரை அனுப்புங்க," என்றான். மூன்று தடவை அப்படியே சொன்னான்.

பிறகு நான். டாக்டர் என் வலது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் குதிகாலின் உள்பக்கத்தை அழுத்தினார். முன்பு அந்த இடத்தைத் தொட்டாலே உயிர் போகும்.

"வலிக்குதாங்கன்னு கேக்கறாங்க," என்றார் ஹரிகரன் சார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அழுத்தி அழுத்தி மூன்று இடம் மாற்றும்வரை பேசாமல் இருந்தேன். துவைத்து வைத்த சாரம் நினைவுக்கு வந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேனாவை எடுத்தார். மூலையில் நாற்காலியில் தவசி உட்கார்ந்திருந்தான். எனக்காகச் சந்தோஷப்படுகிறவன் போலத் தலையை ஆட்டினான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"வலிக்கலன்னு சொல்லுங்க சார்," என்றேன்.

ஹரிகரன் சார் மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தார். நான் எழுந்து, சுவரைப் பிடிக்காமல், வலது கால் நுனியில் மட்டும் எழும்பி நின்று காட்டினேன். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். தவசி பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். இந்தத் தடவை அவன் அழுதான்.

மூன்று மணிக்கு அந்தப் படகிலேயே அவனைக் கூட்டிப்போனார்கள். ஹரிகரன் சார் கரைவரை துணைக்குப் போனார். ஏணியில் இறங்கும் முன் தவசி என் கையைப் பிடித்தான். அவன் கொடுத்த புதுச் சட்டையை அவனுக்கே போட்டுவிட்டிருந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் காதர் அண்ணன் எனக்கு இரண்டு மீன் துண்டு வைத்தார். நான் சாப்பிடவில்லை. அறையில் வந்து கட்டிலில் கிடக்கிறேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு பக்கமும் இருக்கிறது. மே மாதத்திலிருந்து இதே அறைதான். இன்றைக்குத்தான் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது.

டிசம்பர் 10, புதன்

டாக்டர் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று மட்டும் ஜெனோவாவிடம் சொன்னேன். சரி என்றாள். போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று அவளே பேசினாள்.

"தவசி வீட்டுக்காரி பூமாரி போன் பண்ணா," என்றாள். "அவரு எல்லாத்தையும் சொல்லிட்டாராம். நீங்க ஓடுனது, டாக்டரம்மாட்ட நின்னு காட்டுனது, எல்லாம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல?"

"வாயாலதான் சொல்லணும்."

"கோவமா?"

"கோவந்தான். நல்ல கோவம். நான் இங்க ஒத்தையில கெடந்து பிள்ள பெக்கணும்லா." அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. "அந்தப் பூமாரி போன வைக்கவே மாட்டேங்கா. அவரு இந்தால உக்காந்து சோறு திங்காரு, தூங்குதாரு, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வாராருன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுதா. நான் என்ன செய்ய, கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம்னு அவட்ட சொல்ல முடியுமா?"

"ஜெனோ."

"ஒண்ணும் பேசாதீங்க. பேரு யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க வாற வரைக்கும் பிள்ளைய பேரில்லாம வச்சிருக்க முடியாது."

டிசம்பர் 21, ஞாயிறு

வழக்கு மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

ஜனவரி 3, சனி

காலை ஏழரைக்குப் பெண் பிறந்தது. ஜெனோவாவின் அக்காள்தான் போன் செய்தாள். தாயும் பிள்ளையும் நலம். அழுகைச் சத்தத்தைப் போனில் கேட்கவைத்தார்கள். நான் அலோ அலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேப்டன் மேலே போய்க் கப்பல் சங்கை நீளமாக ஒரு முறை ஊதினார். உடனே துறைமுகத்திலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டார்கள், ஏதாவது ஆபத்தா, காரணமில்லாமல் சங்கு ஊதக் கூடாதே என்று. கேப்டன் சொன்ன பதிலை ஹரிகரன் சார் எனக்குச் சொன்னார். எங்கள் போசனுக்கு மகள் பிறந்திருக்கிறாள், அவளுக்கு அப்பா இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்றாராம். உடனே துறைமுகத்து ஆள், பெயர் என்ன என்று கேட்டாராம்.

ரெபேக்கா என்று சொல்லச் சொன்னேன்.

மதியம் எல்லோரும் படுக்கப் போன பிறகும் தளத்திலேயே இருந்தேன். நீரோட்டம் மாறும் நேரம். கப்பல் நங்கூரத்தைச் சுற்றி மெல்லத் திரும்பியது. பார்த்துக்கொண்டிருந்த கரை விலகி விலகி முதுகுப் பக்கம் போய்விட்டது. முன்னால் வெறும் கடல். வெறுங்காலோடு மணலில் இறங்கி நடந்தேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது. நடையின் முனைவரை போய்த் திரும்பினேன்.